சின்ன கோச்

"நீ போயிட்டா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்று கேட்டுவிட்டுப் பெரிய கோச் பொலபொலவென்று கண்ணீர் விட்டார். காற்றிறங்கிய பந்துகளும் ஈரச் சாக்ஸ் நாற்றமுமாக இருந்த அந்தச் சாமான் அறையில், சின்ன கோச் தன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

கல்லூரிக் கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளராக வந்த நாளில் மாணவர்கள் வைத்த பெயர் அது. காதோரம் நரைத்து, மகளுக்கே கல்லூரிக்குப் போகிற வயது வந்த பிறகும் அந்தச் 'சின்ன' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பந்து மூட்டையைத் தூக்குவது, பெரியவர் தொலைத்த விசிலைத் தேடி அவர் கழுத்திலேயே கண்டுபிடித்துத் தருவது எல்லாம் இவர் வேலை. ஆட்டம் தொடங்கிவிட்டால் பெஞ்சில் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடைவேளைக்காக ஆரஞ்சு உரிப்பார். உரித்துக்கொண்டே, "இடது பக்கத்துப் பையனை மாத்தலாம் சார். மாத்தாமலும் இருக்கலாம்" என்று யோசனை சொல்வார்.

எதிரணி கோல் போட்டதுதான் தாமதம், பெரியவரின் காதோரம் குனிந்து, "அப்பவே சொன்னேனே, சார்" என்பார். இரண்டையும் சொல்லிவைத்த மனுஷர், எது நடந்தாலும் அவர் சொன்னதுதானே! இதை ஒரு சேவையாக நினைத்தே செய்துவந்தார். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு, நீட்டிய சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்.

பெரியவருக்கு இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. அந்த இடம் தனக்குத்தான் என்று சின்ன கோச் மனக்கோட்டை கட்டியிருந்தார். கல்லூரி முதல்வரோ, இவ்வளவு நல்ல துணைக் கோச்சைப் பெரிய கோச்சாக்கிவிட்டால் நல்ல துணைக் கோச்சுக்கு நான் எங்கே போவேன் என்று கையை விரித்துவிட்டார்.

வீட்டில் மச்சான் வேறு, வரும்போதெல்லாம், "என்ன அத்தான், மூட்டை சௌக்கியமா?" என்று நலம் விசாரிப்பான். மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரிப்பாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததில் வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார், கிடைத்தும்விட்டது. தலைமைப் பயிற்சியாளர் வேலை! முதல் ஆட்டத்தில் தோற்றால் மட்டும் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்த தாளாளர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

"வேணாம்யா" என்றார் பெரியவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இது தலைக்கு மேல தொங்குற கத்தி. ஜெயிச்சா பசங்களைத் தூக்கிவெச்சு ஆடுவாங்க, தோத்தா நம்ம சட்டையைப் பிடிப்பாங்க. துணைக் கோச் வேலைதான் ராஜ வேலை. நான் சொல்றதைக் கேளு."

பாவம், பிரிவு தாங்காமல் ஏதோ பிதற்றுகிறார் என்று சின்ன கோச் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"சரி, அங்க உனக்குத் துணைக் கோச் யாரு?"

"இன்னும் ஆள் போடலை சார். தேடிக்கிட்டு இருக்காங்க."

பெரியவரின் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆரஞ்சு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

புதுக் கல்லூரியில் முதல் ஆட்டம். முதல் வரிசையில் தாளாளர், அவருக்குப் பின்னால் மனைவி, மச்சான். கழுத்தில் புது விசிலோடு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தபோது அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துணைக் கோச்சும் கிடைத்துவிட்டாராம், நல்ல அனுபவசாலியாம். பழைய இடத்தில் கணக்கை முடித்துக்கொண்டு நேராக மைதானத்துக்கே வந்துவிடுவார் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

இடைவேளை தாண்டியும் ஆள் வந்தபாடில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் இடது பக்கத்துப் பையன் மூச்சு வாங்க ஆரம்பித்தான்.

மாற்றலாமா? மாற்றாமலும் இருக்கலாமா? இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பது அவருக்கு வாழ்க்கையில் அன்றைக்குத்தான் உறைத்தது. பக்கத்தில் யாரோ மூட்டையைத் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்ததைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மாற்று என்று கையைக் காட்டிவிட்டார்.

புதிதாக இறங்கிய பையன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். பந்து அவன் முதுகுக்கு மேலே போய், எதிரணிக்காரன் காலில் விழுந்து, கோலுக்குள் நுழைந்தது. நடுவர் நீளமாக விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார்.

மச்சான் இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றான். தாளாளர் படியிறங்கி இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த சின்ன கோச்சின் மூக்கில் ஆரஞ்சு வாசனை அடித்தது.

திரும்பினார். புது டிராக் சூட், காலடியில் பந்து மூட்டை, மடி நிறைய ஆரஞ்சுத் தோல். பெரிய கோச் ஒரு சுளையை நீட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்த அதே கண்ணீர், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. மெதுவாகக் காதோரம் குனிந்தார்.

"அப்பவே சொன்னேனே, சார்."