பத்து டிகிரி ஒழுக்கம்

சுபாங்கன் தன் கராஜுக்குள் பியர் வடிக்கிறான் என்ற செய்தி புலம்பெயர்ந்து வந்த கிரான்பர்ன் நகரத் தமிழர் மத்தியில் பரவ இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள், தமிழ்ப் பள்ளித் தலைவர் இரத்தினசிங்கம் அங்கிள் வாசலில் நின்றார்.

அந்தப் பள்ளியில் சனிக்கிழமைகளில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பவன் சுபாங்கன். சம்பளம் கிடையாது. மரியாதை மட்டும்தான், அதுவும் இப்போது ஆடத் தொடங்கியிருந்தது.

கராஜில் ஒரு பழைய ஃபிரிட்ஜ். அதற்குள் மூடி போட்ட பெரிய வாளியில் இருபத்துமூன்று லீற்றர் பியர் புளித்துக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் தலையில் உள்ளங்கையளவு பெட்டி ஒன்று, பத்து என்று சிவப்பில் காட்டியது.

"இது என்ன நம்பர்?" என்று கேட்டார் அங்கிள்.

சுபாங்கன் விளக்கினான். ஜெர்மன்காரரின் லாகர் பியர் குளிரில்தான் ஒழுங்காகப் புளிக்கும். வெளியிலோ இந்த நாட்டு மாசி மாதக் கோடை வெயில், முப்பத்தெட்டு டிகிரி. சூடு ஏறினால் ஈஸ்ட் அவசரப்பட்டு வேண்டாத வாசனையெல்லாம் கிளப்பும். வாளி பத்து டிகிரியைத் தாண்டினால் இந்தப் பெட்டி தானாகவே ஃபிரிட்ஜை ஓட விடும்.

பத்துக்குக் கீழே இறங்கினால் என்னவாகும் என்றும் அங்கிள் கேட்டார். ஈஸ்ட் நித்திரையாகிவிடும் என்றான். தலையாட்டிக்கொண்டார். ஒரு பாவத்தைக் கண்டிக்கும் முன் அதை முழுதாக அறிந்துகொள்வது பெரியவர்களின் வழக்கம்.

பிறகு அரை மணி நேரம் புத்தி சொன்னார். குடியால் கெட்ட குடும்பங்களை யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பக்கத்து ஊர் டான்டினாங் வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணினார். தேத்தண்ணியோடு வந்த சுபாங்கனின் மனைவி ராகவி அப்படியே நின்றுவிட்டாள். மாதம் இரண்டு போத்தல் குடித்தாலே அவனுக்கு அதிகம், மிச்சமெல்லாம் வேலையிடத்து நண்பர்களுக்குத்தான் போகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அங்கிள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, பிள்ளையளோ பியரோ? ஒண்டைச் சொல்லும்."

'ழ' வராமல் நாக்கை மடித்துத் தவிக்கும் பன்னிரண்டு முகங்கள் சுபாங்கனுக்கு நினைவில் வந்தன.

"பிள்ளையள்தான் அங்கிள். இப்பவே ஊத்திவிடுறன்" என்று வாளியைத் தூக்கப் போனான்.

அங்கிள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். வடித்தவன் கையாலேயே ஊற்றினால் அவன் மனம் நோகும், அந்தப் பாரத்தைத் தானே சுமப்பதாகச் சொன்னார். ஃபிரிட்ஜ் இங்கே இருந்தால் ஆசை திரும்பவும் தலைகாட்டும். கோயில் மடைப்பள்ளிக்கென்றால் தயிர் வைக்க உதவும் என்றார். அன்று பின்னேரமே வான் ஒன்றோடு வந்து வாளி, ஃபிரிட்ஜ், சிவப்பு நம்பர் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்.

"பெரிய மனுசன்" என்றான் சுபாங்கன். கண் கலங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில், பெற்றோர் முன்னிலையில், அங்கிள் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். தீய பழக்கம் ஒன்றிலிருந்து மீண்டு வந்த இளைஞன் என்று அறிமுகமும் செய்துவைத்தார். பலமாகக் கைதட்டினார்கள். அவனைக் குடிகாரன் என்று அதுவரை அறியாதவர்களும் அன்று அறிந்துகொண்டார்கள். சுபாங்கன் தலை குனிந்து நின்றான்.

கூட்டம் கலைந்ததும் அங்கிள் அவன் தோளில் கை போட்டு வகுப்பறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீர் சொன்னபடி பத்திலதான் வைச்சிருக்கிறன். ஆனா பட்டர் மணம் ஒண்டு வருது. இனி நம்பரை எத்தினைக்கு மாத்த வேணும்?"