நடுவில் ஒரு பேப்பர்

"தள்ளி நில்லுங்க. கொட்டிச்சுன்னா அப்பாகிட்ட யாரு பதில் சொல்றது?"

வலைத்தொப்பியை இழுத்துவிட்டபடி மகள் சொன்னாள். சித்தி தேன்பெட்டியின் வாசலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டாள். 'சரியான பயந்தாங்கொள்ளி' என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

சித்தி என்பது முறைக்குத்தான். அப்பா மறுமணம் செய்துகொண்டு ஒரு மாதமாகியும் மகள் வாய் திறந்து அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மா வைத்துவிட்டுப் போன தேன்பெட்டிகளோடு தனி வீட்டுக்குப் போகப்போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது.

புகை போட்டுவிட்டு, ஒரு பெட்டியிலிருந்து தேனடை கட்டிய மரச்சட்டத்தை உருவி வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"ராணி இருந்தா அறைக்கு அறை அடியில வெள்ளை நூல் துணுக்கு மாதிரி முட்டை நிக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. ராணி செத்துடுச்சு."

"அய்யோ பாவம். அப்ப இதுங்க கதி?"

"ராணி இருக்கிற பெட்டியோட சேர்த்துடணும்."

"அவ்வளவுதானா? அப்படியே தட்டிக் கொட்டிடலாமே."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கொட்டுனீங்க. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு வாசனை. வாசனை மாறினா இது நம்ம ஆளு இல்லன்னு கொன்னுபோட்டுடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

கேட்டால் சொல்லாமல் இருக்க மகளால் முடியாது. நல்ல பெட்டியைத் திறந்து, மேலே ஒரு செய்தித்தாளை விரித்தாள்.

"இதுக்கு மேல அந்தப் பெட்டியைத் தூக்கி வைக்கணும். நடுவுல பேப்பர் இருக்கிறதால ஒண்ணை ஒண்ணு தொட முடியாது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு ஓட்டை போடும். ஓட்டை பெருசாகறதுக்குள்ள ரெண்டு வாசனையும் கலந்துடும். அப்புறம் சண்டையே வராது."

"அடேயப்பா. ஆனா, இவ்வளவு இறுக்கமா மூடினா மேல இருக்கிறதுக்கு மூச்சு முட்டாதா?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஊசியால நாலு குத்துக் குத்தணும். மறந்தே போயிட்டேன்."

சித்தி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி நீட்டினாள். தாளில் துளை விழுந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மேல்பெட்டியை அலுங்காமல் வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, தப்பா எடுத்துக்காதே," என்றாள் சித்தி. "ஞாயித்துக்கிழமை வண்டியில குலுங்கினா பேப்பர் கிழிஞ்சிடாதா?"

மகள் மேல்பெட்டியை அசைத்துப் பார்க்கப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"கிழிஞ்சிடும். மொத்தமும் அடிச்சுக்கிட்டுச் சாகும்." தொப்பியைக் கழற்றினாள். "சேர்ற வரைக்கும் அசைக்கக் கூடாது. வண்டிக்காரர்கிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடறேன்."

"உன் இஷ்டம்மா."

மகள் படியேறியவள் திரும்பி நின்றாள். "அதுங்க பழகினதும் சட்டம் தூக்கக் கத்துத் தரேன். கை நடுங்காம இருந்தாப் போதும்... சித்தி."

சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

சித்தியின் செல்போன் அடித்தது. தம்பி.

"அக்கா, உன் தேன்பெட்டியெல்லாம் எப்பதான் அனுப்பறது? இத்தனை வருஷம் நீ எப்படித்தான் இதுங்களைக் கட்டி மேய்ச்சியோ, என்னைக் கண்டாலே கொட்டுது."

வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

"அவசரப்படாதடா. பேப்பர்ல இன்னிக்குத்தான் முதல் ஓட்டை விழுந்திருக்கு."