ஆளுநருக்கு மட்டும் பொத்தான் இல்லை

ஆளுநர் கொண்டுவந்த நேர்மைச் சட்டப்படி, அரசு ஊழியர் எல்லோரும் உடையில் உண்மைப் பொத்தானைக் குத்தியிருக்க வேண்டும். பொய் சொன்னால் அது வீலென்று கத்தும். ஒரே விழாவில் மூன்று முறை கத்தினால் வேலை போய்விடும். விதிவிலக்கு ஆளுநர் ஒருவருக்குத்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. மேடையில் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வது மங்கையர்க்கரசியின் வேலை. பொத்தான் அவள் சேலையில் இருந்தது.

கல்லூரி ஆண்டு விழாவில் ஆளுநர் பேசத் தொடங்கினார். அவள் தமிழில் சொன்னாள்:

“என் அலுவலகத்தில் யாரும் லஞ்சம் வாங்குவதில்லை.”

வீல்!

“என் உறவினர் யாருக்கும் நான் பதவி கொடுத்ததில்லை.”

வீல்!

முன்வரிசை மாணவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேடையோரம் நின்ற மைக்செட்காரர் பதறினார். “யம்மா, இன்னொரு தடவ கத்துச்சுன்னா உங்க வேலை காலி!”

ஆளுநர் அடுத்ததைச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். மங்கையர்க்கரசி தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஆளுநர் சொல்கிறார்.”

பொத்தான் கப்சிப்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன்பிறகு அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது அரங்கமே சேர்ந்து முழங்கியது: “என்று ஆளுநர் சொல்கிறார்!” விசில் பறந்தது.

காரில் ஏறும்போது ஆளுநருக்கு ஒரே பூரிப்பு. “என் பேச்சு அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா?” என்று மங்கையர்க்கரசியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: “ரொம்ப, சார். ஒரு வார்த்தை விடாம ரசிச்சாங்க.”

பொத்தான் மூச்சு விடவில்லை.