இருபத்தேழாம் பக்கம்

"எல்லாந்தான் போன்ல இருக்கே. இந்தக் காலத்துல யாராவது டூர் போறதுக்குப் புத்தகம் வாங்குவாங்களா?" மனைவி சலித்துக்கொண்டாள்.

"போன்ல நாம தேடுறது மட்டுந்தான் வரும். தேடணும்னே தோணாதது இதுலதான் இருக்கு."

ஓய்வுபெற்ற மறுநாளே வாங்கிய பயண வழிகாட்டி. அதற்குள் பக்கமெல்லாம் பென்சில் கோடு.

"முதல்ல இருபத்தேழாம் பக்கம். நானூறு வருஷத்து மணிக்கூண்டு. உச்சிவேளையில பித்தளைப் பறவைங்க றெக்கை விரிக்குமாம்."

"எந்த ஊரு? பெட்டி கட்டணுமா?"

"குடை போதும். கிளம்பு."

தெருமுனையில் பஸ் ஏறினார்கள். டிரைவர் சிரித்தார். "என்னண்ணே, இன்னைக்குப் பின்னாடி சீட்டா?"

ஐந்தாவது ஸ்டாப்பில் கணவர் இறங்கியதும் அவளுக்கு எரிச்சல் வந்தது. "முப்பது வருஷமா நீங்க பஸ் ஓட்டின ரோடு. இங்க என்ன புதுசா இருக்கு?"

"நிமிர்ந்து பாரு."

மணி பன்னிரண்டு அடித்தது. தலைக்கு மேலே நூறு பறவைகள் ஒரே நேரத்தில் சிறகு விரித்தன. வெயில் பட்டு வானமே பொன்னாய் மினுங்கியது. அவள் திறந்த வாயை மூடவில்லை.

"மணிச்சத்தம் தினமும் கேட்டிருக்கேன். பஸ் கூரை மறைச்சிருச்சு" என்றார் அவர், மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் மெல்ல அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள்.

"இருபத்தெட்டாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"