ஒரு பிழைகூட இல்லாத பக்கம்

பேசுவதைக் கேட்டு எழுதும் கம்ப்யூட்டர், தன் மைக் மீது எரிந்து விழுந்தது. "தணிகாசலம் ஐயா அருமையா கதை சொல்றார். நீ குப்பையை அள்ளிட்டு வர்றே. இனியும் இப்படின்னா உன்னைக் கழற்றிடச் சொல்லிடுவேன்!"

மைக் கெஞ்சியது. "அண்ணே, நான் என்ன பண்ணுவேன்? மேலே ஃபேன் கடகடங்குது."

"இரைச்சல் அதிகம்" என்று கம்ப்யூட்டர் திரையில் காட்டியது. ஐயா ஃபேனை நிறுத்தினார்.

அடுத்து காக்கா கரைந்தது. திரை மறுபடி எச்சரித்தது. ஐயா ஜன்னலைச் சாத்தினார். புழுக்கத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

"இப்ப அவர் மூச்சு வாங்குறது கேக்குதே!" என்று மைக்கிடம் சொன்ன கம்ப்யூட்டர், திரையில் மீண்டும் எச்சரித்தது.

ஐயா கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அறை நிசப்தமானது.

"ஆஹா, இதுதான்டா சுத்தமான ஒலி! பாரு, ஒரு பிழைகூட இல்ல" என்று கம்ப்யூட்டர் பூரித்தது. திரையில் பக்கம் வெள்ளையாக இருந்தது.

மைக் தயங்கியது. "அண்ணே, வெளியே ஐயா வாட்ச்மேன்கிட்ட கதையைச் சொல்லிட்டிருக்கார். லேசா கேக்குது."

"அந்த இரைச்சலையும் வடிகட்டு" என்றது கம்ப்யூட்டர்.