டவர் கிடைச்சா

“வீட்டுக்கு எவ்வளவு வேணும்னாலும் பேசுற பிளானே போடுங்க,” என்றாள் மகள், வெளிநாட்டு சிம் விற்கும் கடைக்காரரிடம்.

“படிக்கப் போற இடத்துல தினமும் என்ன போன்? வாரத்துக்கு ஒரு தடவை போதும்,” என்றாள் அம்மா.

“தினமும் பேசலேன்னா எனக்குத் தூக்கமே வராதும்மா.”

கடைக்காரர் மகளுக்காகப் பரிந்து பேசினார். “பாவம், தனியா இருக்கப் போற பொண்ணு. பேசட்டுமேம்மா.”

“போறது இவ இல்லைங்க, நான். வேலையை விட்டுட்டு மேல்படிப்புக்குப் போறேன்,” என்று அம்மா தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

மகள் விடவில்லை. “நான் கூப்பிட்டா உடனே எடுக்கணும், சரியா?”

“டவர் கிடைச்சா எடுக்கிறேன்டி. நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு நீ எனக்குச் சொன்ன பதில்தானே?”