கீரிக்கு வந்த பத்தி

காட்டுப் பள்ளியில் வரலாற்றுப் பாடத்தை ஆளுக்கொரு பத்தியாக எழுந்து நின்று வாசிக்க வேண்டும். தனக்கு எது வரும் என்று கீரிக்குட்டி எண்ணிப் பார்த்தது. "புலியிடம் நம் காட்டைக் காட்டிக்கொடுத்தவை கீரிகளே" என்ற பத்தி.

பக்கத்து அணில் தன் பத்தியை வாசித்துவிட்டு உட்காரவில்லை. கீரியின் பத்தியையும் அதுவே வாசித்தது, "கீரிகளும் அணில்களும்" என்று சேர்த்துக்கொண்டு.

"புத்தகத்துல அப்படி இல்லையே?" என்றது கொக்கு டீச்சர்.

"விட்டுப்போச்சு டீச்சர். புலிக்கு வழி காட்ட எங்க தாத்தாவும் கூடப் போனாராம். அவரே சொன்னார்."

பின் பெஞ்சு முயல் கை தூக்கியது. "எங்க தாத்தாவும் டீச்சர். கொக்குத் தாத்தா ஒருத்தர்கூட..."

கொக்கு டீச்சர் சட்டென்று புத்தகத்தை மூடியது. கீரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.